லாரிக்காரன் குழாய் போட விடுவானா?

மணலியில் இரண்டு பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஒன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. மற்றொன்று உரத் தொழிற்சாலை. இரண்டும் இந்திய சர்க்காருக்குச் சொந்தமானவை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பங்கு நம்முடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டிலும் இன்னொரு பங்காளியும் உண்டு. அந்தப் பங்காளி ஈரான்.

1965-ம் ஆண்டு டிசம்பரில் மெட்ராஸ் ரிபைனரீஸ் என்ற பெயரில் கம்பெனி தொடங்கியபோது இந்திய சர்க்காரும், அமோகோ என்ற அமெரிக்கக் கம்பெனியும், ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்தே பணம் போட்டார்கள். ஈரானின் டேரியஸ் வயலிலிருந்து வரும் எண்ணெயைச் சுத்திகரிப்பதற்கென்றே கட்டப்பட்ட ஆலை அது. 1969-ல் ஓடத் தொடங்கியது. உரத் தொழிற்சாலையில் 1972-ல் ஈரான் பங்கு வாங்கியது. அமெரிக்கக் கம்பெனி 1985-ல் இரண்டிலிருந்தும் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது. ஈரான் போகவில்லை. சுத்திகரிப்பு ஆலையில் சுமார் 15 சதவீதமும், உரத் தொழிற்சாலையில் கால் பங்குக்குச் சற்று அதிகமும் அதன் கையில் இருக்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2019-ல் இந்த உரத் தொழிற்சாலை நாப்தாவை விட்டுவிட்டு இயற்கை வாயுவுக்கு மாறியது. அந்த வாயு எண்ணூர்த் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் கட்டிய முனையத்திலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடிய அந்த முனையத்தை, 2019 மார்ச் 6-ம் தேதி நமது காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டத்திலிருந்தபடியே பிரதமர் திறந்து வைத்தார். கப்பலில் வரும் வாயு அது. இந்தியாவுக்கு இப்படிக் கப்பல் வாயுவைக் கத்தார் விற்கிறது, அமெரிக்கா விற்கிறது, இன்னும் யார் யாரோ விற்கிறார்கள். மணலியின் பங்காளியான ஈரான் மட்டும் விற்கவில்லை. உலகத்திலேயே பெரிய வாயு வயல் ஈரானுக்கும் கத்தாருக்கும் நடுவே கடலுக்கடியில் கிடக்கிறது. கத்தார் பக்கத்து வாயு வருகிறது. ஈரான் பக்கத்து வாயு ஒரு மூச்சுகூட வரவில்லை. ஏன்?

இது எண்ணெய் நிபுணர்கள் பேச வேண்டிய சமாச்சாரம், நமக்கென்ன என்று எந்தத் தோழரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வயலில் தெளிக்கும் யூரியா வாயுவிலிருந்துதான் செய்யப்படுகிறது. வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு கூட்டி அமோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியா எடுக்கிறார்கள். வாயு விலை ஏறினால் யூரியாவின் அடக்கவிலை ஏறும். “45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று சர்க்கார் நிர்ணயித்திருக்கிறதே, நமக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். மீதியை உரக் கம்பெனிக்குக் கொடுப்பது சர்க்கார் கஜானா. அந்தக் கஜானாவை நிரப்புவது தீப்பெட்டிக்கும் துணிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற நாம்தான்.

லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்

வாயுவைத் தூர தேசத்துக்கு அனுப்ப இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, தரையிலோ கடலடியிலோ குழாய் போட்டு நேரே அனுப்புவது. இன்னொன்று, அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்கி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கி, அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி சூடாக்கி வாயுவாக்குவது. குளிர வைக்க ஒரு செலவு, கப்பலுக்கு ஒரு செலவு, சூடாக்க ஒரு செலவு. சில ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குக் குழாய்தான் மலிவு என்பது எண்ணெய்க் கம்பெனிகளே ஒப்புக்கொள்ளும் கணக்கு.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பம்மல் பக்கத்துத் தோழர்களுக்கு இதை நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லாரித் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்பது அவர்களுக்குத் தெரியும். குழாய் ஒரு முறை வந்துவிட்டால் வந்ததுதான். லாரி அப்படியல்ல. எந்தத் தெருவில் அதிகம் கொடுக்கிறார்களோ அந்தத் தெருவுக்குப் போகும். சித்திரை வெயிலில் விலையை ஏற்றும். லாரி வைத்துப் பிழைக்கும் முதலாளி, தெருவில் குழாய் போடச் சொல்லி மனுக் கொடுத்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

கப்பல் வாயுவும் அப்படித்தான். 2022-ல் யுக்ரேன் யுத்தம் மூண்டு ஐரோப்பாவில் வாயு விலை வானத்துக்குப் போனபோது, ஒப்பந்தப்படி நமது பொதுத்துறைக் கம்பெனியான கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்கள் பல வரவில்லை. கெயில் என்ன செய்தது? உரத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் வாயுவைக் குறைத்தது. கையில் ஒப்பந்தக் காகிதம் இருந்தது; வாயு இல்லை.

குழாய்க்கு வேறொரு குணம் உண்டு. அது விற்கிறவனையும் வாங்குகிறவனையும் நடுவில் நிலம் கொடுக்கிறவனையும் இருபத்தைந்து, முப்பது வருஷங்களுக்கு ஒன்றாகக் கட்டிப் போடுகிறது. அதனால்தான் வல்லரசுகள் குழாய் போகும் வழியில் இத்தனை அக்கறை காட்டுகின்றன. காஸ்பியன் கடல் எண்ணெயை பாகுவிலிருந்து வெளியே கொண்டுவர ஈரான் வழி இருந்தது, ருஷ்ய வழி இருந்தது. அமெரிக்காவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஜார்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வரை 1,768 கிலோமீட்டர் குழாய் போட்டு 2006-ல் எண்ணெய் ஏற்றினார்கள். சைபீரிய வாயு மேற்கு ஐரோப்பாவுக்குக் குழாயில் போவதை 1982-ல் ரீகன் தடுக்கப் பார்த்தார். இயந்திரம் விற்கக் கூடாது என்று ஐரோப்பியக் கம்பெனிகளுக்கே உத்தரவு போட்டார். அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் தாட்சர் அம்மையார். தொழிலாளி வர்க்கத்தின் நண்பர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். அவரே அந்த உத்தரவுக்குப் பணிய மறுத்தார். அதே ஆண்டு நவம்பரில் ரீகன் தடையை வாபஸ் வாங்க நேர்ந்தது. முதலாளித்துவ சர்க்கார்களுக்கும் சில சமயம் முதுகெலும்பு இருக்கத்தான் செய்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2022 செப்டம்பர் 26-ம் தேதி, ருஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் பால்டிக் கடலடியில் வெடித்துச் சிதறின. நான்கில் மூன்று உடைந்தன. செய்தவர் யார் என்ற ஜெர்மானிய விசாரணை சில யுக்ரேனியர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. கை யாருடையதாகவும் இருக்கட்டும், லாபம் யாருக்கு? ஐரோப்பா 2023-ல் வாங்கிய கப்பல் வாயுவில் ஏறத்தாழப் பாதி அமெரிக்காவிலிருந்து போயிற்று.

மந்திரி மாறினார், குழாய் நின்றது

ஈரானின் அசலூயே கரையிலிருந்து பலூசிஸ்தான் வழியாகப் பாகிஸ்தானைக் கடந்து இந்தியா வரை சுமார் 2,700 கிலோமீட்டர் குழாய் போடலாம் என்ற யோசனை 1989-லேயே பிறந்தது. முதல் கட்டத்தில் நாளொன்றுக்கு 6 கோடி கனமீட்டர் வாயு. பாகிஸ்தானுக்குப் பாதி, இந்தியாவுக்குப் பாதி என்று பேச்சு. பகையாளி தேசங்கள் இரண்டை ஒரே அடுப்பு இணைக்கும் என்பதால் இதைச் சமாதானக் குழாய் என்றே அழைத்தார்கள்.

2004-ல் பெட்ரோலிய மந்திரியானவர் நமது மயிலாடுதுறைத் தொகுதியிலிருந்து போன மணிசங்கர் ஐயர். அவர் கட்சி வேறு, நமது வழி வேறு. ஆனால் இந்த ஒரு காரியத்தில் அவர் மனப்பூர்வமாக உழைத்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அது நியாயமல்ல. 2005 ஜூனில் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் போய்ப் பேசினார். அதே மாதம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ வாயுவைக் கப்பலில் தருவதற்கும் ஈரானோடு 25 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

வாஷிங்டன் சும்மா இருக்கவில்லை. 2005 மார்ச்சிலேயே அமெரிக்க வெளிநாட்டு மந்திரி காண்டலீசா ரைஸ் டில்லிக்கு வந்து, இந்தக் குழாய் எங்களுக்குக் கவலை தருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூலை 18-ம் தேதி மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்திக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். செப்டம்பர் 24-ம் தேதி வியன்னாவில் சர்வதேச அணுசக்தி ஏஜென்சியில் இந்தியா ஈரானுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. 2006 ஜனவரியில் மணிசங்கர் ஐயரிடமிருந்து பெட்ரோலிய இலாகா பறிக்கப்பட்டு முரளி தேவ்ராவிடம் போயிற்று. அடுத்த மாதமே ஈரானுக்கு எதிராக இரண்டாவது ஓட்டு. மார்ச்சில் புஷ் டில்லிக்கு விஜயம்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும். அப்படியும் நம்பாதவர்களுக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 2007 பிப்ரவரியில், அமெரிக்க வெளிநாட்டு இலாகாவில் உயர்ந்த பதவியிலிருந்து விலகியிருந்த ஸ்டீபன் ரேட்மேக்கர் டில்லிக்கு வந்து, அந்த இரண்டு ஓட்டுகளும் நிர்ப்பந்தத்தால் பெறப்பட்டவை என்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். பிறகு 2011 மார்ச்சில், விக்கிலீக்ஸ் வெளிக்கொண்டுவந்த அமெரிக்கத் தூதரகத் தந்திகளை சென்னையின் இந்து பத்திரிகை அச்சிட்டது. வெளியே போன மந்திரி ஈரான் குழாய்க்காக ஓங்கிப் பேசியவர், உள்ளே வந்தவர் அமெரிக்க ஆதரவாளர் என்று 2006 ஜனவரித் தந்தி கணக்கெழுதி அனுப்பியிருந்தது. நம் வீட்டு மந்திரிசபை மாறினால் மகிழ்ச்சி அடைகிறவன் எங்கே இருக்கிறான் பாருங்கள்!

கப்பல் ஒப்பந்தமும் அப்படியே போயிற்று. வாயுவைத் திரவமாக்கும் இயந்திர நுட்பத்தில் அமெரிக்கப் பிடி இருந்ததால் ஈரானால் அந்த ஆலையைக் கட்டி முடிக்க முடியவில்லை. அணு ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் 2008 ஜூலை 8-ம் தேதி ஆதரவை வாபஸ் பெற்றன. ஜூலை 22-ம் தேதி சர்க்கார் நம்பிக்கை ஓட்டில் தப்பிப் பிழைத்தது. அக்டோபரில் வாஷிங்டனில் கையெழுத்தும் போட்டது. 2009-ல் ஈரானும் பாகிஸ்தானும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவின் நாற்காலி காலியாக இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஈரானின் பார்சி கடற்பகுதியில் தேடி 2008-ல் வாயு வயல் கண்டுபிடித்தவர்கள் நம் பொதுத்துறைப் பொறியாளர்களும் தொழிலாளர்களும்தான். பர்சாத்-பி என்று அதற்குப் பெயர். அமெரிக்கத் தடைக்குப் பயந்து டில்லி தயங்கித் தயங்கி நின்றது. 2021 மே மாதம் ஈரான் அந்த வயலைத் தன் சொந்தக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது.

அதே பாகிஸ்தான், வேறு குழாய்

இந்தக் கதையைச் சொன்னால் வாயிற்கூட்டங்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும். “தோழர், அதெல்லாம் சரி, பாகிஸ்தான்காரன் நடுவிலே வால்வை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் கோஷம் போட்டு மழுப்ப முடியாது. முதலில் ஒன்றைக் கவனியுங்கள். துர்க்மேனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகப் பஞ்சாபின் பாசில்கா வரை சுமார் 1,800 கிலோமீட்டர் வாயுக் குழாய் போட 2010 டிசம்பரில் நான்கு நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் கையெழுத்திட்டது. இந்தக் குழாயும் பாகிஸ்தான் வழியாகத்தான் வர வேண்டும். போதாக்குறைக்கு, குண்டு வெடிக்காத நாளில்லாத ஆப்கானிஸ்தானையும் தாண்டி வர வேண்டும். ஆனால் இதற்கு அமெரிக்காவின் ஆசீர்வாதம் இருந்தது! இதே வழிக்காக யூனோகால் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி 1997-ல் தாலிபான் தூதுக்குழுவை டெக்சாஸ் மாகாணத்துக்கு அழைத்து விருந்து வைத்த வரலாறும் உண்டு. ஈரானிலிருந்து வந்தால் பாகிஸ்தான் நம்பத் தகாத தேசம். துர்க்மேனிஸ்தானிலிருந்து வந்தால் அதே பாகிஸ்தான் நல்ல தேசம். ஆகவே தடை பாகிஸ்தானில் இல்லை என்பது வெளிச்சம்.

இரண்டாவது, குழாய் மூடினால் மூடுகிறவனுக்கும் நஷ்டம். வழிக்கூலி போகும், அவன் பங்கு வாயுவும் அதே குழாயில்தான் வருகிறது. ருஷ்யாவும் யுக்ரேனும் 2022 பிப்ரவரி முதல் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த யுத்தத்தின் நடுவிலேயே ருஷ்ய வாயு யுக்ரேன் மண்ணுக்கடியில் ஐரோப்பாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக் கெடு முடிந்து 2025 ஜனவரி 1-ம் தேதிதான் நின்றது. ஏறக்குறைய மூன்று வருஷம்!

அபாயமே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. 1965, 1971 யுத்தங்களைத் தாங்கி நின்ற சிந்து நதி ஒப்பந்தத்தை, பஹல்காம் படுகொலைக்குப் பிறகு 2025 ஏப்ரலில் நமது சர்க்கார் நிறுத்தி வைத்தது. அண்டை நாட்டு உறவு அந்த அளவுக்குக் கெட்டுக் கிடக்கிறது. பலூசிஸ்தானில் குழாய்களுக்குக் குண்டு வைப்பதும் புதிதல்ல. வாயு விலையிலும் வழிக்கூலியிலும் மூன்று தரப்பும் வருஷக்கணக்கில் பேரம் பேசியதும் உண்மை. ஆனால் கடல் வழி மட்டும் பத்திரமா? ஹோர்முஸ் ஜலசந்தி குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர்தான். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் தூரத்தைவிட ஏதோ கொஞ்சம் கூட. 2024-ல் உலகம் செலவழித்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் நுழைந்துதான் வந்தது. கத்தாரின் வாயுக் கப்பல்களுக்கும் அதுதான் வாசல். உங்கள் வீட்டு சிலிண்டரில் உள்ளது குழாய் வாயு அல்ல, வேறு வகை. ஆனால் அதற்கும் தப்பில்லை. நாட்டின் சிலிண்டர் வாயுவில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி, அதில் மிகப் பெரும்பகுதி ஹோர்முஸ் வழியாக வருவது என்பதே 2024 நிலவரம். 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான் மீது குண்டு வீசியபோது, ஜலசந்தியை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு நாடும் அந்த வாசலைத் தவிர்க்கத் தங்கள் தரையிலேயே எண்ணெய்க் குழாய் போட்டு வைத்திருக்கின்றன. பணக்கார ஷேக்குகளே இரண்டு வழி வைத்துக்கொள்கிறார்கள். அசலூயேயிலிருந்து தரை வழியாக வரும் குழாய், ஹோர்முஸைத் தொடாமலே நமக்கு ஒரு இரண்டாவது வழியைத் தந்திருக்கும்.

ஈரான் ஆட்சியாளர்களுக்குப் புகழ்மாலை சூட்ட வந்ததாக யாரும் எண்ண வேண்டாம். 1978-ல் ஷாவின் சிம்மாசனத்தை ஆட்டியது எண்ணெய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தம். அந்தத் தியாகத்தின் மேல் ஏறி வந்த ஆட்சி, தொழிலாளர் சங்கங்களை நசுக்கியது. 1983-ல் தூதே கட்சியைத் தடை செய்தது. அந்தக் கணக்கை ஈரான் தொழிலாளர்கள் தீர்ப்பார்கள். யாரிடம் வாயு வாங்குவது என்பது நம் கணக்கு.

பழைய லாரிக்காரன்

இது புதிய தந்திரமும் அல்ல. 1951-ல் ஈரான் தன் எண்ணெயைத் தேசவுடைமை ஆக்கியபோது பிரிட்டிஷ் கம்பெனி என்ன செய்தது? கப்பல் வழியை அடைத்தது. ஈரான் எண்ணெய் ஏற்றிவந்த ரோஸ் மேரி என்ற கப்பலை 1952-ல் ஏடனுக்குத் திருப்பிப் பிடித்து வைத்தார்கள். 1953 ஆகஸ்டில் பிரிட்டிஷ், அமெரிக்க உளவு இலாகாக்களின் சதியில் பிரதமர் மொசாதே கவிழ்க்கப்பட்டார்.

நம் நாட்டிலும் நடந்தது. 1960-ல் சோவியத் யூனியன் உலக விலைக்குக் குறைத்து எண்ணெய் தர முன்வந்தது. பர்மா ஷெல், கால்டெக்ஸ், ஸ்டான்வாக் என்ற மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகளும் இந்திய மண்ணில் நின்றுகொண்டே, அந்த எண்ணெயை எங்கள் ஆலையில் சுத்திகரிக்க மாட்டோம் என்று கையை விரித்தன. அன்று மந்திரியாக இருந்த கே.டி.மாளவியா விட்டுக்கொடுக்கவில்லை. கவுஹாத்தியில் ருமேனிய உதவியோடும், பரவுனியில் சோவியத் உதவியோடும் சர்க்கார் ஆலைகள் எழுந்தன. எழுபதுகளில் அந்த அந்நியக் கம்பெனிகள் தேசவுடைமையாயின. தடுத்தவனை வெளியே அனுப்ப முடியும் என்பதை இதே நாடு ஒரு தடவை செய்து காட்டியிருக்கிறது.

இன்றைய லாரிக்காரன் யார்? 2016 பிப்ரவரியில் லூசியானாக் கரையிலிருந்து அமெரிக்காவின் புதிய வாயுக் கப்பல்கள் புறப்படத் தொடங்கின. 2023-ல் உலகிலேயே அதிகக் கப்பல் வாயு விற்கும் நாடாக அமெரிக்கா ஆகிவிட்டது. 2011-ல் கெயில் அதே இடத்துக் கம்பெனியோடு ஆண்டுக்கு 35 லட்சம் டன் வீதம் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. முதல் கப்பல் 2018 மார்ச்சில் தாபோல் வந்தது. பக்கத்து ஊர்க் குழாயைப் போடவிடாமல் தடுத்தவனே பாதி உலகத்தைச் சுற்றி லாரி ஓட்டி வருகிறான். விலைச்சீட்டை மட்டும் பாருங்கள், தோழர்களே!

எண்ணெயிலும் இதே கதை. ஈரான் எண்ணெய்க்கு ஒரு பகுதி விலையை 2012 முதல் கல்கத்தாவிலுள்ள யூகோ பாங்கில் ரூபாயாகவே கட்டிவந்தோம். டாலர் தேட வேண்டியதில்லை. 2019 மே மாதம் டிரம்ப் சர்க்கார் சலுகையை நிறுத்தியதும் அந்த எண்ணெய் நின்றது. மணலி ஆலையில் ஈரானுக்குப் பங்கு இருக்கிறது. ஈரான் எண்ணெய்க்கு இடமில்லை!

சானடோரியத்தில் எதிரொலி

ஈரான் போனால் என்ன, ருஷ்யாவிடம் வாங்கலாமே என்று 2022-க்குப் பின் டில்லி மார்தட்டியது. அதுவரை நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாத ருஷ்ய எண்ணெய், மொத்த இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தது. மலிவாக வாங்கினார்கள். பங்கில் விலை அந்த அளவுக்குக் குறைந்ததா? குறையவில்லை. லாபம் சுத்திகரிப்பு முதலாளிகளிடமும் வரியாக சர்க்காரிடமும் தங்கிவிட்டது. ஆனால் தண்டனை வந்தபோது யார் தலையில் விழுந்தது தெரியுமா? 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி முதல், ருஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்காக மேலும் 25 சதவீதம் சேர்த்து, இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரியை அமெரிக்கா போட்டது. திருப்பூர் பனியனிலும் ஆம்பூர் தோலிலும் ஆர்டர்கள் நின்றன. எண்ணெய் விற்ற குஜராத் முதலாளிக்கு அந்த வரி இல்லை. பெட்ரோலியச் சரக்குக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இருக்கும் ஏற்றுமதி வளாகத்தில் தையல் மெஷின் முன்னால் உட்காரும் பெண்கள், குரோம்பேட்டை, பல்லாவரம் தோல் ஆலைகளில் ரசாயனத்தில் கை நனைக்கும் தொழிலாளர்கள்: இவர்கள் யாரும் மாஸ்கோவில் ஒரு பீப்பாய் எண்ணெய்கூட வாங்கியவர்கள் அல்ல. ஓவர்டைம் வெட்டும் ஆள்குறைப்பும் என்றால் முதலில் அவர்கள்தான். வரி ஏறட்டும், பின்னர் இறங்கட்டும். எங்கே எண்ணெய் வாங்குவது என்று நமக்கு உத்தரவிடும் சாட்டை வாஷிங்டன் கையிலேயே இருக்கிறது. 2006-ல் அணு ஒப்பந்தம் என்ற மிட்டாய் காட்டினார்கள். 2025-ல் மிட்டாயும் இல்லை.

குழாய் போகும் நிலம்

குழாய் வேண்டும் என்று எழுதிவிட்டு, அது யாருடைய வயலில் போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் குழாயைக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்ட விளைநிலங்களில் சுமார் 310 கிலோமீட்டருக்குப் புதைக்க வந்தபோது, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போ என்று விவசாயிகள் போராடினார்கள். 2013-ல் மாநில சர்க்காரும் அதையே சொன்னது. 2016 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது.

இதற்கு ஆதாரமான சட்டம் 1962-ம் ஆண்டினுடையது. நிலத்தை வாங்குவதில்லை, ‘உபயோக உரிமை’யை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா விவசாயி பேரில் இருக்கும். ஆனால் குழாய்க்கு மேல் மரம் வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. அதற்கு நஷ்ட ஈடு, சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. பயிர், மரச் சேதத்துக்குத் தனியாக. நிலமே இல்லாமல் அந்த வயலில் நாற்று நட்டும் தென்னை ஏறியும் கூலி வாங்கியவனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு காசும் இல்லை.

வல்லரசு சொன்னால் 2,700 கிலோமீட்டர் குழாயையே கைவிடுகிறவர்கள், விவசாயி சொன்னால் குழாயை ஒரு பர்லாங்கு நகர்த்த மாட்டேன் என்கிறார்கள்!

பாகிஸ்தான் சர்க்கார் 2024 பிப்ரவரியில், ஈரான் எல்லையிலிருந்து குவாதர் வரை 80 கிலோமீட்டராவது போடுவோம் என்று முடிவு செய்தது. மறு மாதமே அமெரிக்க வெளிநாட்டு இலாகா, இந்தக் குழாயை ஆதரிக்கவில்லை, தடை வரும், ஜாக்கிரதை என்றது. அங்கேயும் அதே லாரிக்காரன்தான். ஆகவே அடுத்த முறை நம் நாடாளுமன்ற உறுப்பினர் சங்கத்து வாசலுக்கோ கிராமத்துக்கோ வரும்போது சாலை, சாக்கடையோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள். மணலிப் பங்காளியிடம் வாயு வாங்க எந்தச் சட்டம் தடுக்கிறது? அது இந்திய நாடாளுமன்றம் போட்ட சட்டமா, அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட சட்டமா? 1962-ம் ஆண்டுச் சட்டத்தில் கூலிக்காரனுக்கும் நஷ்ட ஈடு என்று ஒரு திருத்தம் கொண்டுவர நீங்கள் மசோதா கொடுப்பீர்களா? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.